ஒரு ரயில்வே ஸ்டேஷனை வீடு மாற்றுவது எப்படி? பாவூர்சத்திரம் தக்காளி கிரேட் சொல்லும் டெக்னிக்!

"தம்பி, உள்ள என்ன இருக்கு? சாமி சிலையா?"

குட்டி யானை வண்டி ஓட்டி வந்த அண்ணாச்சி இப்படித்தான் கேட்டார். நானும் என் தம்பியும் ஒரு மரப்பெட்டியை ஆளுக்கொரு பக்கம் பிடித்து, மூச்சைக்கூட அளந்து விட்டுக்கொண்டு படியிறங்கி வந்த தோரணை அவரை அப்படி நினைக்க வைத்திருக்கும். "ரயில்வே ஸ்டேஷன் அண்ணாச்சி" என்றேன். ஒரு நிமிஷம் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எந்த ஸ்டேஷன்?" "நம்ம பாவூர்சத்திரம்தான். பழைய மீட்டர் கேஜ்." பெட்டிக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்தவர், அதன்பிறகு கயிறு கட்டும் வேலையை யாரிடமும் விடவில்லை.

மாடல் ரயில் லேஅவுட் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு ரெண்டே வரி. பலகை மேல் குட்டித் தண்டவாளம் போட்டு, சுற்றிலும் ஸ்டேஷன், மரம், ரோடு, மனிதர்கள் எல்லாம் வைத்து, அதில் நிஜமாகவே ரயில் ஓட்டுவது. உலகம் முழுக்க அதிகம் பேர் கட்டுவது ஹெச்.ஓ. அளவு. அதாவது நிஜத்தை 87-ல் ஒரு பங்காகச் சுருக்குவது. அதைவிடச் சின்னது என் அளவு. 'என்' என்பது ஆங்கில எழுத்து. தண்டவாளத்தின் அகலம் 9 மில்லிமீட்டர்.

நான் பயன்படுத்தியது இந்த 9 மி.மீ. தண்டவாளத்தைத்தான். மீட்டர் கேஜின் அகலம் சரியாக 1,000 மி.மீ. 9-ஆல் வகுத்தால் 111 வரும். ஆக, என் பாவூர்சத்திரம் நிஜத்தைவிட 111 மடங்கு சின்னது. கணக்கு சுத்தமாக ஒரு ஸ்டாண்டர்டு அளவில் உட்காரவில்லை என்று இந்த ஹாபியில் ஊறியவர்கள் திட்டுவார்கள். திட்டட்டும். திருநெல்வேலி - தென்காசி பாதை 2012-ல் பிராட் கேஜாக மாறிவிட்டது. செங்கோட்டையிலிருந்து மலையேறி புனலூர் போகும் பாதையும் மாறி, 2018-ல் திறந்துவிட்டார்கள். சின்ன வயதில் கீழப்புலியூர் பக்கமிருந்து ஆடி ஆடி வந்து நின்ற அந்த ரயில் இனி நேரில் வரப்போவதில்லை. என்னிடம் இருப்பது மாமா எடுத்த சில போட்டோக்களும், 2020 லாக்டௌனில் பலகை மேல் நான் கட்டிய நாலடி நிலமும்தான்.

அதைத்தான் முதல்முறை வீடு மாறும்போது கிட்டத்தட்ட நாசம் பண்ணினேன்.

தப்பு முழுக்க என்னுடையது. லேஅவுட்டை ஒரு மேஜை மாதிரி நினைத்துவிட்டேன். வண்டியில் மல்லாக்க வைத்து, மேலே பெட்ஷீட் போர்த்தி, "பஞ்சுதானே, மெத்துனு இருக்கும்" என்று அதன்மேல் மெத்தையையும் போட்டேன். சென்னையில் இறக்கிப் பிரித்தபோது பனைமரங்கள் எல்லாம் ஒரே திசையில் படுத்திருந்தன. ஸ்டேஷன் கூரை நடுவில் குழிந்திருந்தது. பலகை ஓரத்தில் நீட்டிக்கொண்டிருந்த தண்டவாள முனைகள் மீன்முள் மாதிரி வளைந்திருந்தன. பழுதுபார்க்க 4 மாதம் ஆனது. அந்த 4 மாதத்தில் கற்றுக்கொண்டதைத்தான் உங்களுக்குச் சொல்லப்போகிறேன். வாடகை வீட்டில் இருக்கிற நம்மைப் போன்றவர்களுக்கு ஷிஃப்டிங் என்பது 'நடந்தால்' என்ற கேள்வியே இல்லை. 'எப்போது' என்பது மட்டும்தான்.

முதல் பலகையை அறுக்கும்போதே...

புனேயில் கோத்ரூட் பகுதியில் ஜோஷியின் மினியேச்சர் ரயில்வே மியூசியம் இருக்கிறது. பி.எஸ்.ஜோஷி என்பவர் கட்டியது. 1998-ல் திறந்தார்கள். இந்தியாவில் மாடல் ரயில் பார்க்க ஆசைப்படுபவர்கள் ஒருமுறையாவது போய்வர வேண்டிய இடம். ஆனால் அவரும் ஆரம்பத்தில் பிரித்து எடுத்துப்போகிற லேஅவுட் செய்து கண்காட்சிகளில் வைத்தவர்தான். பிறகுதான் நிரந்தரமாக ஒரே இடத்தில் கட்டினார். ஒரே இடத்தில் கட்டுகிற கொடுப்பினை நமக்கு இல்லை. அதனால் செக்‌ஷன் செக்‌ஷனாகத்தான் கட்ட வேண்டும்.

பிரித்துக் கட்டினால் எவ்வளவு தூரம் போகலாம் தெரியுமா? ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்தில் இருக்கிற மினியாட்டூர் வுண்டர்லாண்ட் உலகப் புகழ்பெற்ற மாடல் ரயில் காட்சியகம். அதன் பதகோனியா பகுதியைக் கட்டியது அர்ஜென்டினாவில் இருக்கிற ஒரு குடும்பம். மலையும் ஏரியுமாக அங்கேயே கட்டி, கண்டெய்னரில் ஏற்றி, கடல் தாண்டி ஹாம்பர்க் அனுப்பினார்கள். அட்லாண்டிக்கையே தாண்டுகிறது என்றால், பாவூர்சத்திரத்தில் இருந்து சென்னை போகாதா என்ன?

ஒரு ப்ளைவுட் ஷீட் 8 அடிக்கு 4 அடி. அதை 4-க்கு 2 என அறுத்தால் 4 துண்டு கிடைக்கும், சேதாரமே இல்லை. ஒரு துண்டு ஒரு செக்‌ஷன். இந்த அளவை நான் சும்மா சொல்லவில்லை. 2 அடி அகலம் என்றால் பாத்ரூம் கதவில்கூட நுழையும், மாடிப்படி திருப்பத்தில் மாட்டாது, இரண்டு பேர் கை எட்டும். 6 அடி நீளத்துக்கு ஆசைப்பட்டுக் கட்டிவிட்டு, மூன்றாவது மாடியில் படிக்கட்டுத் திருப்பத்தில் முழிப்பவர்கள் உண்டு. அறுப்பதற்கு முன்னால் டேப்பை எடுத்துக்கொண்டு வீட்டு வாசல், படி, லிஃப்ட் எல்லாவற்றையும் ஒருமுறை அளந்துவிடுங்கள்.

அடியில் வெறும் பலகை போதாது. சுற்றிலும் 3 அங்குல உயரத்துக்குப் ப்ளைவுட் பட்டையால் சட்டம், நடுவில் ஒன்றிரண்டு குறுக்குச் சட்டம். தெருவில் இருக்கிற ஆசாரியிடம் "மூடியில்லாத பெட்டியைக் கவுத்துப் போட்ட மாதிரி" என்று சொல்லுங்கள், புரிந்துகொள்வார். இந்தச் சட்டம்தான் பின்னால் உங்களைக் காப்பாற்றப் போகிறது.

இவ்வளவு இடமும் இல்லை, ஹாஸ்டல் ரூம்தான் என்றால் டி-டிராக் என்று ஒரு முறை இருக்கிறது. ஒரு துண்டின் அகலம் வெறும் 308 மி.மீ. கேட்டோ கம்பெனியின் யூனிட்ராக் தண்டவாளம் போட்டு, மேஜை மேல் வைத்து ஒன்றோடொன்று சொருகிவிட வேண்டியதுதான். ஷூ பெட்டி கொஞ்சம் பெரிதானால் எப்படியோ, அந்த அளவு. தொடங்குபவர்களுக்கு என் ஓட்டு அதற்குத்தான்.

உடைவது எப்போதும் முனையில்தான்

இரண்டு செக்‌ஷன் சேரும் இடம்தான் லேஅவுட்டின் பலவீனமான இடம். ஓடும்போதும் அதுதான் தகராறு, மாற்றும்போதும் அதுதான் தகராறு. என் அளவுத் தண்டவாளத்தில் அரை மில்லிமீட்டர் விலகினாலே சக்கரம் இறங்கிவிடும்.

நான் இப்போது செய்வது இதுதான். இரண்டு செக்‌ஷனையும் முதலில் போல்ட் போட்டு இறுக்கிவிடுவேன். சேரும் இடத்தில் இரண்டு பக்கமும் பிசிபி துண்டுகளை ஒட்டுவேன். எலெக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும், மேலே செம்பு பூசிய தகடு. அதை ஒட்டுவதோடு விடாமல் சின்ன ஸ்க்ரூவும் போட்டுவிடுங்கள். பிறகு தண்டவாளத்தை இரண்டு பலகைக்கும் சேர்த்து ஒரே நீளமாகப் போட்டு, அந்தச் செம்பில் சால்டரிங் செய்து, கடைசியாக மெல்லிய ரம்பத்தால் சரியாக எல்லைக்கோட்டில் அறுத்துவிடுவேன். செம்புப் பூச்சையும் இரண்டு தண்டவாளத்துக்கு நடுவில் ஒரு கோடு கீறி விட வேண்டும். மறந்தால் ஷார்ட் சர்க்யூட். நான் மறந்திருக்கிறேன்.

இப்படிச் செய்தால் தண்டவாள முனை பலகை விளிம்போடு சமமாக நின்றுவிடும், ஒரு நூல்கூட வெளியே நீட்டாது. பெட்ஷீட்டில் மாட்டாது, சட்டைக் கையில் மாட்டாது. சேரும் இடத்தில் கடைகளில் விற்கிற இணைப்புத் தகட்டைப் போட்டுவைத்தால் பிரிக்கும்போதெல்லாம் வளையும். அதை நடுவில் மட்டும் பயன்படுத்துங்கள், முனையில் வேண்டாம்.

திரும்பச் சேர்க்கும்போது அதே இடத்தில் உட்கார வேண்டுமே, அதற்கு? வெளிநாட்டில் பித்தளையில் குமிழும் குழியுமாக ஒரு ஜோடி விற்கிறார்கள். நமக்குக் கதவுக் கீல் போதும். நல்ல ஆட்டமில்லாத கீலாகப் பார்த்து வாங்கி, இரண்டு செக்‌ஷன் சேரும் பக்கவாட்டில் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என அடித்துவிட்டு, நடுவில் இருக்கிற ஊசியை உருவி எடுத்துவிடுங்கள். பலகை பிரிந்துவிடும். திரும்ப ஊசியைச் சொருகினால் பழைய இடத்திலேயே வந்து நிற்கும். ஊசி தொலைந்தால்தான் வம்பு. நூல் கட்டிச் சட்டத்திலேயே தொங்கவிடுங்கள்.

தக்காளி கிரேட்

பாவூர்சத்திரம் என்றாலே காய்கறி மார்க்கெட்தான். இங்கிருந்து கேரளாவுக்குக் காய் போவது தென்காசிப் பக்கம் எல்லாருக்கும் தெரியும். பழுதுபார்க்கும் அந்த 4 மாதத்தில் ஒருமுறை ஊருக்கு வந்தவன், அம்மாவுக்காகக் கத்திரிக்காய் வாங்கப் போய் மார்க்கெட்டில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு லாரியில் தக்காளி ஏற்றினார்கள். பிளாஸ்டிக் கிரேட், ஒன்றன்மேல் ஒன்றாக ஆளுயரத்துக்கு மேல். அடியில் இருக்கிற கிரேட்டின் தக்காளி நசுங்கவில்லை. ஏன்?

மேல் கிரேட்டின் எடை கீழ் கிரேட்டின் விளிம்பில் உட்கார்ந்து, சுவர் வழியாகத் தரைக்கு இறங்குகிறது. தக்காளியைத் தொடுவதே இல்லை. தக்காளிக்கும் மேல் கிரேட்டின் அடிப்பாகத்துக்கும் நடுவில் கொஞ்சம் காற்று இருக்கிறது. நான் என் ஸ்டேஷனுக்கு என்ன செய்தேன்? தக்காளி மேல் மெத்தையைப் போட்டேன்!

லேஅவுட் பாதுகாப்பின் மொத்த ரகசியமும் இதுதாங்க. மேலே எதையும் போர்த்தக் கூடாது, எதையும் அடைக்கக் கூடாது. பஞ்சு, தெர்மாகோல், பபிள் ராப் எதுவும் காட்சிப் பக்கத்தைத் தொடவே கூடாது. காற்றில் நிற்க வேண்டும். எடையைச் சட்டம் தாங்க வேண்டும்.

இதை எப்படிச் செய்வது? இரண்டு செக்‌ஷனை எடுத்து முகத்துக்கு முகம் பார்த்த மாதிரி வையுங்கள். இரண்டிலும் இருக்கிற காட்சி உள்பக்கம், சட்டம் வெளிப்பக்கம். இரண்டு முனையிலும் ஆளுக்கொரு ப்ளைவுட் பலகை வைத்து போல்ட்டால் இறுக்குங்கள். அவ்வளவுதான், ஒரு பெட்டி. மேலைநாட்டில் கண்காட்சிக்கு லேஅவுட் எடுத்துப்போகிறவர்கள் காலங்காலமாகச் செய்வது இதைத்தான்.

இடைவெளி எவ்வளவு விட வேண்டும்? என் கணக்கைச் சொல்கிறேன். ஒரு செக்‌ஷனில் உயரமானது தண்ணீர்த் தொட்டி, 14 செ.மீ. இன்னொன்றில் வேப்பமரம், 10 செ.மீ. இரண்டும் நேருக்கு நேர் வந்தாலும் இடிக்காமல் இருக்க 24, ஆட்டத்துக்கு 3 சேர்த்தால் 27. இதோடு இரண்டு சட்டத்தின் உயரம் ஆளுக்கு 7 செ.மீ. சேர்ந்தால் முனைப்பலகை 41 செ.மீ. அகலம். 60 செ.மீ.தான் செக்‌ஷனின் அகலம் என்பதால், மொத்தப் பெட்டி 120-க்கு 60-க்கு 41. இரண்டு பேர் தாராளமாகத் தூக்கலாம். உயரத்தைக் குறைக்க ஆசைப்பட்டு 3 செ.மீ. விளிம்பைத் திருடாதீர்கள். ஸ்பீடு பிரேக்கரில் வண்டி குதிக்கும்போது பலகை நடுவில் கொஞ்சம் நெளியும்.

முனைப்பலகைக்குத் தனியாக ஓட்டை போட வேண்டாம். இரண்டு செக்‌ஷனை ஒன்றோடொன்று இறுக்க ஏற்கெனவே ஓட்டை இருக்கிறதே, அதே ஓட்டைகள். 8 மி.மீ. போல்ட், கையால் திருகுகிற பட்டாம்பூச்சி நட், நடுவில் அகலமான வாஷர். ஒரு முனைக்கு 4 வீதம் பெட்டிக்கு 8. இதில் ஒரு கூடுதல் லாபம் இருக்கிறது. வளைந்துபோகிறது என்று புலம்பினோமே, அந்தத் தண்டவாள முனை இப்போது முனைப்பலகைக்குப் பின்னால் பத்திரமாக ஒளிந்துகொண்டது.

பெட்டியை நீளவாக்கில் தள்ளிப் பாருங்கள். சாய்சதுரமாக நெளிந்தால், திறந்திருக்கிற ஒரு பக்கத்தில் மூலைக்கு மூலை ஒரு ரீப்பர் அடித்துவிடுங்கள்.

கழற்றுவதைக் கழற்று, தட்டுவதைத் தட்டு

பெட்டி பூட்டும் முன் ஒரு வேலை. மரம், விளக்குக் கம்பம், மனிதர்கள், மாட்டு வண்டி என நிற்பதையெல்லாம் எடுத்துவிட வேண்டும். எடுக்க முடிய வேண்டுமே? அதனால் செய்யும்போதே அடியில் ஒரு கம்பி வைத்து, பலகையில் சொருகுகிற மாதிரி செய்யுங்கள். என் புதுப் பனைமரங்கள் எல்லாம் குண்டூசிக் காலில்தான் நிற்கின்றன. கட்டடங்களையும் ஒட்டாதீர்கள். பலகையில் ஒரு சின்னக் கட்டை ஒட்டி, அதன்மேல் கட்டடத்தைத் தொப்பி மாதிரி கவிழ்த்தால் போதும், நகராது.

பிறகு லேஅவுட்டை மெதுவாகச் சாய்த்து, அடியில் கையால் தட்டுங்கள். விழ வேண்டியது இங்கேயே விழட்டும். ஒட்டாத ஜல்லி ஒன்று பயணத்தில் விழுந்தால் நேராகப் போய் எதிர் செக்‌ஷனின் பாயின்ட் நாக்கில்தான் உட்காரும். அது என்ன சாபமோ தெரியவில்லை. வேக்குவம் கிளீனர் போடுவதாக இருந்தால் குழாய் வாயில் பழைய சாக்ஸை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டுங்கள். தூசி போய்விடும், ஸ்டேஷன் மாஸ்டர் சாக்ஸில் நிற்பார்.

இன்ஜினும் பெட்டியும் எக்காரணம் கொண்டும் லேஅவுட்டோடு போகக் கூடாது. அது வந்த டப்பாதான் அதற்கு வீடு. டப்பாவைத் தூக்கிப் போட்டவர்கள் மெல்லிய வெள்ளை டிஷ்யூவில் சுற்றி, அதற்குமேல் பபிள் ராப் போடுங்கள். பபிள் ராப்பை நேரடியாக பெயின்ட் மேல் சுற்றினால் வெயில் சூட்டில் வட்ட வட்டமாகத் தழும்பு விழும். அப்புறம் என்ன பாலிஷ் போட்டாலும் போகாது. பேட்டரி வைத்த எதுவாக இருந்தாலும் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். ஒழுகினால் உள்ளே எல்லாம் பச்சைப் பிடித்துவிடும்.

வயர் விஷயத்தில் உங்கள் போன்தான் ஹீரோ. பிரிப்பதற்கு முன் அடிப்பக்கத்தை நிதானமாக ஒரு வீடியோ எடுங்கள், "சிவப்பு வயர் மூணாம் நம்பர் பாயின்ட்டுக்குப் போகுது" என்று வாயால் சொல்லிக்கொண்டே. மேல் பக்கம் நேர் மேலிருந்து செக்‌ஷனுக்கு ஒரு போட்டோ. எந்தக் குழியில் எந்த மரம் என்பதற்கு அதுதான் வரைபடம். போனில் மட்டும் வைத்திருக்காமல் ஒரு பிரின்ட் எடுத்துப் பெட்டி உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். 3 வருஷம் கழித்து எந்த போன் உங்கள் கையில் இருக்கும் என்று உங்களுக்கே தெரியாது.

சாரல் நல்லது, லேஅவுட்டுக்கு அல்ல

மாற்றுவதைவிட வைத்திருப்பதுதான் கஷ்டம். நான் சென்னைக்குப் போன புதிதில், இடமில்லாமல் இரண்டு செக்‌ஷனை ஊரிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தேன். தென்காசிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். ஜூன் பிறந்தால் செங்கோட்டைக் கணவாய் வழியாகக் காற்றும் சாரலும் வந்துவிடும். குற்றாலத்தில் நமக்குக் கொண்டாட்டம். துவைத்த துணி மூன்று நாள் ஆனாலும் காயாது. அந்த ஈரம் உங்கள் ப்ளைவுட்டுக்குள்ளும் போகும். மரம் ஈரத்தில் உப்பும், வெயிலில் சுருங்கும். தண்டவாளம் அப்படியில்லை, அது சூட்டுக்கு மட்டும் நீளும். 120 செ.மீ. நீளமுள்ள உலோகத் தண்டவாளம் 20 டிகிரி சூடு ஏறினால் சுமார் 0.4 மி.மீ. நீளும். பலகை ஒரு பக்கம் இழுக்க, தண்டவாளம் ஒரு பக்கம் இழுக்க, நடுவில் ஒட்டிய பசை விட்டுப்போகும். அதனால் ப்ளைவுட்டை மேல், கீழ், ஓரம் என எல்லாப் பக்கமும் பெயின்டோ வார்னிஷோ அடித்து மூடிவிடுங்கள். அடிப்பக்கம் யார் பார்க்கப்போகிறார்கள் என்று விட்டால் ஈரம் அந்த வழியாகத்தான் வரும்.

எல்லாரும் செய்கிற தப்பு இன்னொன்று, பிளாஸ்டிக் கவரால் இறுக்கச் சுற்றி பரணில் போடுவது. சாரல் நாளில் சுற்றினால் ஈரத்தையும் சேர்த்துப் பூட்டிவைக்கிறீர்கள். பூஞ்சைக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது. நம் வீட்டுப் பாட்டிமார் கொலு பொம்மையைப் பழைய வேட்டியில் சுற்றித்தானே மேலே ஏற்றுகிறார்கள்? அதேதான். பருத்தித் துணி தூசியைத் தடுக்கும், மூச்சுவிடவும் விடும். பெட்டியின் திறந்த பக்கங்களில் பழைய வேட்டியை இழுத்து ஸ்டேப்ளர் அடியுங்கள். பிளாஸ்டிக் ஷீட் வண்டியில் போகிற அந்த ஒரு நாளுக்கு மட்டும். போய்ச் சேர்ந்ததும் உரித்துவிடுங்கள். உள்ளே சிலிக்கா ஜெல் பை சில போடலாம். அது ஒருமுறை ஈரம் குடித்துவிட்டால் அப்புறம் வெறும் மணல்தான் என்பதை ஞாபகம் வைத்து, மாற்றவோ சூடுகாட்டிக் காயவைக்கவோ வேண்டும்.

பாட்டியிடம் இருந்து ஒன்றை மட்டும் காப்பி அடிக்காதீர்கள். அந்துருண்டை! பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கில் செய்த கிட்களை அதன் ஆவி இளக்கிவிடும். தெர்மாகோல் மலைக்கும் அதே கதி. பூச்சிக்கு வேறு வழி இருக்கிறது. எலியும் பூச்சியும் தேடி வருவது நீங்கள் மலை செய்யக் காய்ச்சிய மைதாப் பசையைத்தான். புத்தகம் பைண்டிங் செய்கிறவர்கள் பசை காய்ச்சும்போதே கொஞ்சம் மயில்துத்தம் போடுவார்கள். விஷம் என்பதால் கையுறை போட்டுக்கொண்டு, குழந்தைகளுக்கு எட்டாமல் செய்ய வேண்டும். எனக்கு அந்த வம்பே வேண்டாம் என்று மைதாவை விட்டுவிட்டு ஃபெவிகாலுக்கு மாறிவிட்டேன்.

எங்கே வைப்பது? மொட்டைமாடி தகர ஷீட் அறை கண்டிப்பாக வேண்டாம். 3டி பிரின்டரில் பி.எல்.ஏ. பிளாஸ்டிக்கில் எடுத்த வீடுகள் 60 டிகிரி பக்கம் போனாலே இளகிவிடும். மே மாத வெயிலில் பூட்டிய காருக்குள் வைத்தாலும் இதே கதைதான். தரையில் நேரடியாகவும் வேண்டாம், கரையான் கேட்காமல் வரும். ஆள் புழங்கும் அறையில், உள்சுவர் ஓரமாக, இரண்டு செங்கல் மேல் கட்டை போட்டு, பெட்டியை நீளமான பக்கத்தில் நிமிர்த்தி வையுங்கள். படுக்கப்போட்டால் வருஷக்கணக்கில் பலகை நடுவில் தொய்யும். அதோடு, படுத்திருக்கிற பெட்டியைக் கண்டால் நம் வீடுகளில் யாராவது அதன்மேல் ஒரு அரிசி மூட்டையை வைத்தே தீருவார்கள். நிற்கிற பெட்டியில் வைக்க முடியாது.

வண்டி ஏறும் நாள்

இரண்டாவது முறை மாறியது சென்னையில் இருந்து ஊருக்கு. அதற்குப் பிறகு ஊரிலிருந்து மதுரைக்கு. அண்ணாச்சி வண்டி வந்தது இந்த மூன்றாவது ஷிஃப்டிங்கில்.

பேக்கர்ஸ் ஆட்களோ தெரிந்த டிரைவரோ, யாராக இருந்தாலும் உள்ளே என்ன என்று காட்டிவிடுங்கள். 'உடையும் பொருள்' என்று ஸ்டிக்கர் ஒட்டினால் ஒருவரும் சட்டை செய்வதில்லை. குட்டி ஸ்டேஷனையும் குட்டி மனிதர்களையும் ஒருமுறை கண்ணால் பார்த்தவர் பெட்டியைக் கைக்குழந்தை மாதிரித்தான் பிடிப்பார். பெட்டி மேல் பெரிதாக ஒரு அம்புக்குறி போடுங்கள், எந்தப் பக்கம் மேல் என்று. தூக்கும் இடத்தில் கைப்பிடி இருக்கட்டும். இல்லாவிட்டால் கை போகிற இடம் வயராகத்தான் இருக்கும்.

வண்டியில் பெட்டி நிமிர்ந்தபடி, கேபினை ஒட்டி முன்பக்கம். பின்பக்கம்தான் அதிகம் குதிக்கும். மெத்தைக்கு இப்போது சரியான வேலை கிடைக்கும்: பெட்டிக்கு அடியில் ஒரு மடிப்பு, பெட்டிக்கும் பீரோவுக்கும் நடுவில் ஒரு மடிப்பு. கயிறு சட்டத்தைச் சுற்றித்தான் போக வேண்டும், துணி மூடிய பக்கத்தின் குறுக்கே இல்லை. கழற்றிய மரங்களையும் கட்டடங்களையும் தக்காளி கிரேட்டிலேயே அடுக்கினேன். பழைய துணி விரித்து, ஒவ்வொன்றையும் டிஷ்யூவில் சுற்றி, ஒற்றை அடுக்காக. இன்ஜின் டப்பாக்கள் மட்டும் என் மடியில்.

இறக்கியதும் ஆசை உந்தும், உடனே மாட்டி ஓட்டிப் பார்க்கத் தோன்றும். ஒரு நாள் பொறுங்கள். பெட்டியைத் திறந்து வைத்து, புது ஊரின் காற்றுக்குப் பலகை பழகட்டும். மறுநாள் கீல் ஊசியைச் சொருகி, போல்ட்டை இறுக்கி, சேரும் இடத்தில் விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் தட்டினால் சக்கரமும் தட்டும். சில நேரம் ஒரு செக்‌ஷனின் காலுக்கு அடியில் நாலாக மடித்த அட்டை வைத்தாலே சரியாகிவிடும். முதலில் ஒரே ஒரு சரக்குப் பெட்டியைக் கையால் தள்ளுங்கள், பிறகு இன்ஜின்.

மதுரையில் மறுநாள் ராத்திரி 11 மணிக்கு அப்படித்தான் தள்ளினேன். சேரும் இடத்தில் லேசாக ஒரு 'டிக்', அப்புறம் நேராக ஸ்டேஷனுக்குள் போய்விட்டது. இந்த முறை கணக்கு எடுத்தேன். 18 பனைமரத்தில் ஒன்றின் ஓலை மட்டும் மடங்கியிருந்தது. கூரை அப்படியே இருந்தது. பிளாட்பாரத்தில் ஒரு ஆளைக் காணவில்லை, கையில் மஞ்சள் பை வைத்திருப்பவர். போன் போட்டுச் சொன்னால் அண்ணாச்சி சிரிப்பார் என்று விட்டுவிட்டேன். ஒரு வாரம் கழித்து வேக்குவம் கிளீனரை எடுத்தபோது, சாக்ஸுக்குள் இருந்தார்.